பயத்துக்கு எழுபது கிலோ

விதைக்கு முன்பே யூரியா வந்துவிடுகிறது.
கோதுமை இன்னும் சாக்குக்குள் உறங்க,
வெறும் மண்ணுக்கு மூன்று வாரம் முன்பே விருந்து.
பிறகு மதகு திறப்பார்கள்.
உண்ண வாயில்லாத வயலில்
பரிமாறிய இலையைத்
தண்ணீர் வந்து வழித்துக்கொண்டு போகும்.

யாக்கி பள்ளத்தாக்கில் இது குற்றமல்ல, வழக்கம்.
கடன் சங்கத்தின் தாளில்
உரத்துக்கென்று ஒரு கட்டம் உண்டு.
அதைக் காலியாக விட்டவனுக்கு
விதை வாங்கப் பணமில்லை.

இந்த வருஷம் எவரிஸ்தோ என்சினாஸ்
கிழக்கோரம் ஒரு பட்டைக்கு மட்டும்
நவம்பரிலேயே முழுதும் போட்டார்.
செல்லப்பிள்ளை.
மற்ற வயலுக்கு அரை வயிறு.
மீதி மூட்டைகள் கொட்டகையில்.

நான் ஜனவரியில் போனேன்,
முதல் தண்ணீருக்கு இரண்டு நாள் இருக்கையில்.
என் கையிலிருந்த கருவியைப் பார்த்து
"முடி உலர்த்த வந்தாயா நெரெய்தா?" என்றாள்
அவர் மருமகள்.
அது பயிர்மேல் ஒளி பாய்ச்சும்,
பயிர் திருப்பித் தருவதை எண்ணும்.
எண்ணை வாசிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

செல்லப்பிள்ளை: புள்ளி ஆறு மூன்று.
மற்றது: புள்ளி ஆறு இரண்டு.

இரண்டுமுறை நடந்தேன். முழங்கால் வரை பனி.
"உங்கள் வயலுக்குப் பசியில்லை, டான் எவரிஸ்தோ.
ஹெக்டேருக்கு எழுபது கிலோ நைட்ரஜன் மிச்சம்.
மூட்டைக் கணக்கில் மூன்று."

அவர் அந்த மூட்டைகளின் மேல்தான் உட்கார்ந்திருந்தார்.
"அந்த எழுபது
கோதுமைக்கு என்று யார் சொன்னது?
அது எனக்கு.
அதைப் போட்டால்தான் மே மாதம்வரை
எனக்குத் தூக்கம் வரும்."

ஆற்றில் கொட்டினாலும் அளந்து கொட்டச் சொல்வார்கள்.
இங்கே ஆறு எப்போதோ வற்றிவிட்டது.
அளந்துதான் கொட்டுகிறோம்,
வடிகாலில்.

வடிகால் போய்ச் சேரும் தோபரி விரிகுடாவில்
என் தங்கை புருஷன் க்ரெசென்சியோ
இறால் பிடிக்கிறான்.
நைட்ரேட் என்ற சொல் அவனுக்குத் தேவைப்பட்டதில்லை.
வலை பாசியாய்க் கனத்தால்
எனக்குப் போன் செய்வான்:
"மேலே மதகைத் திறந்துவிட்டீர்களா?"

கடைசியில் பாதி வயல் என்று முடிவானது.
வடக்குப் பாதிக்கு எவரிஸ்தோவின் தூக்கம்,
தெற்குப் பாதிக்கு என் எண்.
நடுவே நீலக் கயிறு.

மார்ச்சில், விடியாத ஐந்து மணிக்கு,
"மஞ்சள்!" என்று போனில் கத்தினார்.
நாற்பது கிலோமீட்டர் ஓட்டிப் போனேன்.
கரை உடைந்து மூன்று நாள் தண்ணீர் தேங்கிய இடம்.
வடக்குப் பாதியில்.
இருவரும் ஒன்றும் பேசாமல் காப்பி குடித்தோம்.

மே.
எடைமேடையில் இரண்டு லாரி.
ஹெக்டேருக்கு நாற்பது கிலோ வித்தியாசம்,
அதுகூடத் தூசியாக இருக்கலாம்.
நான் சிரிக்க வாயெடுத்த நேரம்
குதிர்க்காரன் தெற்கு மணிகளைக் கத்தியால் பிளந்து
வெளிச்சத்தில் பிடித்தான்.
நூறில் ஒன்பதுக்கு வெள்ளை வயிறு.
புரதம் குறைவு.
டன்னுக்கு இவ்வளவு என்று விலையில் பிடித்துக்கொண்டான்.

எவரிஸ்தோ என்னைத் திட்டவில்லை.
திட்டியிருக்கலாம்.
மிச்சமான யூரியாவின் விலையைக்
கைச்சீட்டின் பின்புறம் எழுதி
பிடித்த காசை அதிலிருந்து கழித்து
விடையை என்னிடம் காட்டாமல் மடித்தார்.
"கதிர் தலைகாட்டும்போது ஒரு இருபது கொடுத்திருந்தால்..."
என்று தொடங்கினேன்.
"இருபது" என்றார். "எழுபதில்லை."
"இருபது."
"கோதுமைக்கா, எனக்கா?"

கொட்டகையில் மீதி மூட்டைகள்
காற்றின் ஈரத்தைக் குடித்துக் கல்லாகின்றன.
நவம்பர் வருகிறது. கட்டம் வருகிறது.

க்ரெசென்சியோவிடம் எல்லாம் சொன்னேன்.
அரை வயல்,
கடல் இதைக் கண்டுகொள்ளாது
என்றும் சொன்னேன்.
அவன் வலையை உதறிக்கொண்டே கேட்டான்:

"எந்த அரை?"